புயல் மாதத்தில் அறை மலிவு

1

இதைக் கதையாக எழுதத் தொடங்கவில்லை. ஒரு வார இதழின் பயணப் பக்கத்துக்கு, குறைந்த செலவில் கடற்கரைக்குப் போய்வருவது எப்படி என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில், கடலை விட்டு வெகு தொலைவில் உட்கார்ந்துகொண்டு முதல் யோசனையை எழுதினேன்: “கூட்டமில்லாத மாதத்தில் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கரையில் அறை வாடகை பாதிதான்.” இரண்டாவது: “ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால் இன்னும் குறையும்.”

இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார்த்தேன். அந்த மாதங்களில் ஏன் கூட்டமில்லை? புயல் வரும் என்பதால். என் பேச்சை நம்பி யாராவது பணம் கட்டிவிட்டால்?

அந்த யாரோ ஒருத்திதான் அறிவுச்செல்வி. கட்டுரை அங்கேயே நின்றுபோனது.

2

“கடல் அலைகள் அறிவுச்செல்வியைக் கனவில் அழைத்தன, அவள்—”

வேண்டாம். நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்தில் ஒரு மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவளுக்கு அப்படிக் கனவு வராது. படுத்தால் கால்தான் வலிக்கும்.

அவள் கணவன் தமிழரசு, ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். பூமிக்குள் ஆயிரம் அடியில் தண்ணீரைப் பார்த்திருக்கிறான், கடலைப் பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இனியாவும் பார்த்ததில்லை. தீபாவளிக்கு அவன் ஊருக்கு வந்தால் சில நாள்தான் இருப்பான். அதற்குள் போனால்தான் உண்டு.

தரங்கம்பாடியில் ஒரு சின்ன விடுதி. கைபேசித் திரையில் ஒரே அறைக்கு இரண்டு வாடகை காட்டியது. செல்வி குறைந்ததை அழுத்தினாள். அதன் கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் படித்துவிட்டுத்தான் அழுத்தினாள்.

“போக முடியலீன்னா கேன்சல் பண்ணிக்கலாமில்ல?” என்று தமிழரசு கேட்டான்.

“அதெல்லாம் பண்ணிக்கலாமுங்க.”

(ஏன் பொய் சொன்னாள்? நானும் அவளைக் கேட்டுப் பார்த்தேன். அவன் புழுதியில் நின்று சம்பாதித்த காசை அவள் கவனமில்லாமல் கட்டிவிட்டாள் என்று அவன் நினைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரத்தில் பொய் வெளியே வந்துவிட்டது.)

3

கிளம்புவதற்கு முந்தின நாள், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றது செய்தி. கடைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று செல்வி விடுதிக்குப் பேசினாள்.

“அது திரும்ப வராதும்மா. அதுக்குத்தானே கம்மியா குடுத்தோம்” என்றார் விடுதிக்காரர்.

“புயல் வந்தாக்கூடங்களா?”

“இங்க இன்னும் தூறல்கூட இல்லம்மா. நீங்க வாங்க, பாத்துக்கலாம்.”

வீட்டில் தமிழரசு செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “செல்வி, கேன்சல் பண்ணிப்போடு. புள்ளைய வெச்சுக்கிட்டு எதுக்கு?”

“ஆந்திராப் பக்கம் போயிருமாமுங்க” என்றாள். அப்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. கொஞ்சம் பணத்துக்காக ஒரு தாய் குழந்தையைப் புயல் இருக்கிற திசைக்கு அழைத்துப் போவாளா? அவள் அப்போதே உண்மையைச் சொல்லிவிடுவதாக ஒரு பக்கம் எழுதினேன். கதை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தவள் வேறு யாரோ. செல்வி பணத்துக்காகப் போகவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. போகாமல் நின்றால், முதலில் சொன்னது பொய் என்று அவனிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குப் போவதே சுலபமாக இருந்தது.

4

நாமக்கல்லில் வெயில். திருச்சியில் மேகம். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது கூரைத் தகரத்தில் தூறல் விழும் சத்தம் கேட்டது.

இனியா பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். தமிழரசு டீ வாங்கி வந்து நீட்டினான். செல்வி டம்ளரை வாங்கிக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தாள்.

“ஏனுங்க, அந்த ரூம் காசு திரும்ப வராதுங்க. தெரிஞ்சேதான் கட்டினேன். உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்.”

அவன் தன் டீயை ஊதினான். “தெரியும்.”

“எப்படீங்க?”

“நேத்து நீ ஆந்திராப் பக்கம்னு சொன்ன பொறவு நானும் அந்த லாட்ஜுக்குப் போன் பண்ணினேன். மழை எப்படின்னு கேட்கலாம்னு. அவரே சொல்லிட்டாரு.”

“பொறவு ஏனுங்க கிளம்பி வந்தீங்க?”

“நீயாச் சொல்லுவேன்னு பார்த்தேன். நாமக்கல்லுல சொல்லுவே, திருச்சியில சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே வந்தேன்.”

செல்விக்கு அழுகை வருமென்று எழுதியிருந்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது.

“புள்ளையக் கூட்டிக்கிட்டுங்களா பார்த்தீங்க? நான் சொல்லாமயே இருந்திருந்தா?”

தமிழரசு இனியாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். தான் நியாயவான் என்று நினைத்துக்கொண்டு இத்தனை தூரம் வந்தவன் முகம் சுருங்கிப்போனது.

“தப்புத்தான்” என்றான். “காசு போனது போகட்டும். அதை உட்டுத்தள்ளு. இப்பச் சொல்லு செல்வி, போலாமா, திரும்பிரலாமா?”

5

மூன்று முடிவுகள் எழுதினேன். புயல் விலகிப்போக, இனியா கடலைப் பார்க்கிறாள்: படிக்க இனிக்கும், ஆனால் இதைப் படித்துவிட்டு அடுத்த கார்த்திகையில் யாராவது கிளம்பிவிடுவார்கள். மூவரும் ஊருக்குத் திரும்புகிறார்கள்: புத்தியுள்ள முடிவு, ஆனால் அவன் ரிக்குக்குப் போய்விடுவான், அடுத்த தீபாவளியில் அவர்கள் எப்படி இருப்பார்களென்று எனக்குத் தெரியாது. மூன்றாவது, அவர்கள் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தபோது கடல்—

இல்லை. அதை எழுத மாட்டேன். இந்தக் கதையில் புயல் என் கையில் இருக்கிறது. என் கையை நான் நம்பவில்லை.

“மாயவரம், மாயவரம்!” என்று கத்துகிறார் தரங்கம்பாடிப் பக்கம் போகும் பேருந்தின் நடத்துநர். எதிர்ப்பக்கம் இன்னொருவர், “திருச்சி, திருச்சி!” செல்வி கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்க்கிறாள். இனியா ஒரு கையால் அம்மாவின் முந்தானையையும் இன்னொரு கையால் அப்பாவின் விரலையும் பிடித்துக்கொள்கிறாள்.

மூவரையும் கூரைக்கு அடியில், நனையாத இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்குமேல் என்னால் ஆகவில்லை. இரண்டில் ஒரு பேருந்தில் நீங்கள் ஏற்றிவிடுங்கள்.