ஆச்சும்மா

பயணியர் விடுதி வாசலில் நின்றுகொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று மெட்ராஸ் அம்மா கேட்டதும், "ஆச்சும்மா" என்றாள் ராயம்மாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. தன் வீட்டில் காலையில் சாப்பாடு கிடையாது என்று சொல்வதற்காகத்தான் அவள் களைவெட்டுக்குக்கூடப் போகாமல் செஞ்சிக்கு நடந்து வந்திருந்தாள். கோட்டை மலை கண்ணில் பட்டதிலிருந்து அந்த ஒரு பேச்சைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். தன் நாக்கின் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நாக்கைச் சொல்லி என்ன பயன்? அவள் தெருவில் யார் வந்து "சாப்டியா" என்று கேட்டாலும் பதில் "ஆச்சு"தான். கும்பிட்டவரைத் திரும்பக் கும்பிடுவது மாதிரி அது. வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. மெட்ராஸ் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. பால்வாடிகளைப் பார்வையிட மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி அவள்; முந்தின நாள் வீடு வீடாக ஏறி இறங்கிக் குழந்தைகளுக்குக் காலையில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். கூழு, களி, இட்லி என்று ஆளாளுக்கு அடித்து விட்டார்கள். இட்லியைப் பண்டிகைக்குப் பண்டிகை பார்க்கிற தெரு அது. மாதா கோயில் திருவிழாவுக்கு எடுத்த சட்டையைப் பிள்ளைகளுக்கு மாட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து நிறுத்தியிருந்தார்கள். ராயம்மாளும் சளைத்தவள் இல்லை. பக்கத்து வீட்டு ஓரகத்தி சவரியம்மாளிடம் சர்க்கரை வாங்கிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பதாகவும் மாதாமாதம் பணம் அனுப்புவதாகவும் சொன்னாள். பொங்கலுக்குப் பிறகு அடைக்கலராஜிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை என்பது அவளுக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

சாயங்காலம் பால்வாடியில் மெட்ராஸ் அம்மா எல்லோரையும் மனதாரப் புகழ்ந்தாள். பிள்ளைகளை நன்றாக வைத்திருக்கிறீர்கள், இந்த ஊருக்குக் கவலை இல்லை என்றாள். இருக்கிற பால் மாவு எல்லா ஊருக்கும் போதாது, அதனால் இந்தப் பால்வாடியை மேல்மலையனூர்ப் பக்கம் கஷ்டப்படுகிற ஊர் ஒன்றுக்கு மாற்றச் சொல்லி எழுதப் போவதாகவும் சொன்னாள். பெண்கள் பெருமையோடு தலையாட்டினார்கள். டீச்சர் கமலாம்பாள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராயம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சின்னவன் தோமினிக்குக்கு அங்கேதான் காலைச் சாப்பாடு. அவனை அங்கே விட்டுவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போகிறாள், மூத்தவள் அருளம்மாள் பள்ளிக்கூடம் போகிறாள். பால்வாடி போனால் அருளம்மாள்தான் வீட்டில் உட்கார்ந்து தம்பியைத் தூக்க வேண்டும். அப்படி உட்கார்ந்த பெண் எதுவும் அந்தத் தெருவில் திரும்ப எழுந்து பள்ளிக்கூடம் போனதில்லை. ராயம்மாளே அப்படி உட்கார்ந்தவள்தான்.

விடுதி வாசலில் எப்படியோ மென்று விழுங்கி, "நேத்து நான் சொன்னதுல பாதி நெசமில்லம்மா" என்றாள். மெட்ராஸ் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். வாய்ப்பேச்சை மட்டும் நம்பி மாற்றி எழுத முடியாது, வீட்டை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், ஜீப்பில் ஏறுங்கள் என்றாள். ராயம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. செஞ்சியில் ஒருத்தி காதில் போட்டுவிட்டு ஊருக்குத் தெரியாமல் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஜீப் போகப் போக ஒவ்வொரு மேட்டிலும் இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடினால் எங்கே போவது? வீட்டுக்குத்தான்.

ஜீப்பைப் பார்த்ததும் தெருவே கூடிவிட்டது. தம்பியைப் பால்வாடியில் விட்டுப் பள்ளிக்கூடம் போகக் கிளம்பி, அருளம்மாள் சிலேட்டோடு வாசலில் நின்றிருந்தாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு தோமினிக். ராயம்மாள் யார் முகத்தையும் பார்க்காமல் மெட்ராஸ் அம்மாவை உள்ளே கூட்டிப் போனாள். வாயால் சொல்ல வரவில்லை. மூலையில் காய்ந்து கவிழ்ந்து கிடந்த கூழ்ப் பானையைக் கையால் காட்டினாள். அதற்கே அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மெட்ராஸ் அம்மா குனிந்து பானையைத் தொட்டாள்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. சவரியம்மாள் இரண்டு கையாலும் ஒரு பானையை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னா ராயம்மா, பூனை உருட்டுதுன்னு கூழை எங்க வூட்டு உறியில வைக்கச் சொன்னியே, மறந்துட்டியா?"

பானையை அடுப்பின் மேல் வைத்தாள். அது சவரியம்மாள் வீட்டுப் பானை. அவள் பிள்ளைகளுக்கு மத்தியானத்துக்கும் அதுதான். ஊர் பார்க்கக் கொழுந்தன் பெண்டாட்டி தலைகுனியக் கூடாது என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. ராயம்மாளைப் பார்த்து, நான் இருக்கிறேன் என்கிற மாதிரி லேசாகச் சிரித்தாள்.

ராயம்மாள் வாயைத் திறந்தாள். இது எங்கள் பானை இல்லை என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால் சவரியம்மாள் ஊர் நடுவில் பொய்க்காரியாகி நிற்பாள். கழுத்தைப் பிடித்து நெரித்திருந்தால்கூடத் திமிறியிருப்பாள். இதிலிருந்து எப்படித் திமிறுவது?

தோமினிக் அதற்குள் கொட்டாங்குச்சியோடு வந்து உட்கார்ந்துவிட்டான். சவரியம்மாள் ஊற்ற ஊற்ற அண்ணாந்து குடித்தான். மெட்ராஸ் அம்மா அவனையும் பானையையும் பார்த்தாள், பிறகு ராயம்மாளைப் பார்த்தாள். அவளுக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. கடைசியில் வாசற்படியில் நின்ற அருளம்மாளிடம் திரும்பி, "நீ சொல்லும்மா. நீ சாப்பிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பெண் அம்மாவைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். வாசலில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த தெருவைப் பார்த்தாள்.

"ஆச்சும்மா."

வெளியே ஜீப் கிளம்புகிற சத்தத்தில் தோமினிக் மிரண்டு அழுதான். கையில் இருந்த சிலேட்டைக் கவிழ்ந்து கிடந்த பானையின் மேல் வைத்துவிட்டு, அருளம்மாள் குனிந்து தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.