தழும்பை மாற்றி எழுதியவர்

எழுத்தாளரின் நான்காவது புத்தகம் அச்சாகி வந்த செவ்வாய்க்கிழமை, அவர் மகளின் நாற்காலிக்கு அடியில் தரை மயிரிழை அளவுக்குப் பிளந்தது. மகள் எழுந்து ஜன்னலோரம் போனாள், பிளவும் கூடவே போனது. கொத்தனார் மூன்று முறை சிமெண்ட் பூசினார். நான்காம் முறை கரண்டியைக்கூட எடுக்காமல் கிளம்பிப் போனார்.

காரணம் எழுத்தாளருக்கு உடனே தெரிந்துவிட்டது. மறைநூலில், ஞானியைக் கேள்வி கேட்டதற்காகப் பூமி விழுங்கிய ஒருத்தி ஒரே வரியில் வந்து போகிறாள். அப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் அவர் இருபது வருடமாக எழுதிவந்தார். பெயரில்லாத அந்தப் பெண்களுக்கு உடம்பு கொடுக்க, தெரிந்தவர்களிடமிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம்: நாத்தனாரின் தெற்றுப்பல், தையல்காரியின் நடை. இந்த முறை, பூமி விழுங்கியவளுக்கு, யோசிக்காமல் மகளின் முழங்கால் தழும்பை எடுத்துவிட்டார்.

இரண்டாம் வாரம் பிளவில் விரல் நுழைந்தது. மாதக் கடைசியில் மகளின் ஒரு செருப்பு உள்ளே போனது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. மகள் கட்டிலை விட்டு இறங்குவதை நிறுத்தினாள். கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது. கதையைத் திரும்பப் பெற்றால் பிளவு மூடும் என்று, அதற்கான கடிதத்தை ஊர் மதகுருவே எழுதி எடுத்துவந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எழுத்தாளர் பேனாவைத் திறந்தார். கடிதத்தில் மை சொட்டியது.

"கையெழுத்துப் போட்டா அவளைத் திரும்ப அந்த ஒரு வரிக்குள்ளதானே அடைப்பாங்க?" என்றாள் மகள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுக்காக அவளை விட்டுடாதம்மா."

எழுத்தாளர் கடிதத்தை ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். தழும்பை அடித்துவிட்டு, தன் மணிக்கட்டில் இருந்த தீக்காயத்தை எழுதினார். அவர் மூடியைத் திருகி முடிப்பதற்குள் பிளவு அறையைக் கடந்து மேஜைக்கடியில் வந்து நின்றது.

"உனக்கென்ன பைத்தியமாம்மா?" என்றார் மதகுரு, காலைத் தூக்கிக்கொண்டு.

"அதுக்கும் அலைச்சல் மிச்சம். நான் மேஜைய விட்டு எங்க போறேன்?"

எழுத்தாளர் சொல்லிவிட்டாரே தவிர, அதன்பிறகு பயந்துகொண்டேதான் எழுதினார். முதல் வருடம் கணுக்கால்வரை, மூன்றாம் வருடம் இடுப்புவரை, ஐந்தாம் வருடம் மேஜையோடு உள்ளே போனார். கூடையில் கயிறு கட்டித் தாளும் டீயும் இறக்குகிறார்கள். மகளுக்குப் பயம் போகவில்லை; இறக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். மேலே வரும் கதைகளை அவள்தான் தட்டச்சு செய்கிறாள். அம்மாவுடையதோடு கீழே இருக்கும் பெண்களுடையதும் சேர்ந்து ஏழு விதக் கையெழுத்து என்பதால் கொஞ்சம் சிரமம். டீயும் இப்போது ஏழு தம்ளர் போகிறது.