விழாத கியர்

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் எதிரே திருப்புளி சம்மணம் போட்டு உட்கார்ந்ததுமே குளியலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"நான் நேரத்தோட கெளம்பணும். கழட்டிப் போட்டுட்டு மாட்டத் தெரியலன்னு முழிக்காதீங்க."

திருப்புளி, அதாவது ஸ்க்ரூ டிரைவர், என்பது மச்சினி அவனுக்கு வைத்த பெயர். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுச் சுவர்க்கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்று அதைக் கழற்றினான். அதற்குப் பிறகு அது மெதுவாகக்கூட ஓடவில்லை. ஆனால் வேலை செய்யும் இடத்தில் அவனை யாரும் கேலி பேச முடியாது. ஆயத்த ஆடை ஆலையில் தையல் இயந்திரங்கள் எல்லாம் அவன் பொறுப்பு. ஊசி கடைசிவரை இறங்க வேண்டும், கடைசிவரை ஏற வேண்டும், நடுவில் எது தடுத்தாலும் அது பழுது. இத்தனை வருடத்தில் அவன் கற்ற பாடம் அதுதான்.

சைக்கிள் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. மனைவிக்கு மேட்டின் உச்சியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை. அந்தப் பக்கம் போன ஒரே பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். சைக்கிளில் பாதி மேடுவரை ஏறுவாள். திருப்பத்தை நெருங்கும்போதே மூச்சு வாங்கும், இறங்கித் தள்ளுவாள், பின்னால் கல் ஏற்றிய லாரிகள் ஹாரனாலேயே அவளைத் தள்ளும். தினமும் தாமதம். இன்னொரு முறை தாமதமானால் வரவே வேண்டாம் என்று நேற்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, சோற்றை மட்டும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவனுக்கு அது பொறுக்கவில்லை.

விற்றவள் இரண்டு தெரு தள்ளி அழகு நிலையம் வைத்திருப்பவள். தம்பி ஓட்டிய சைக்கிள், இப்போது ஓட்டுவதில்லை என்றாள். "ஆறு கியர் விழும். ஏழாவது விழாது. அதை அப்படியே விட்டுடுங்க" என்றும் சொன்னாள். விற்கிறவர்கள் சொத்தையையும் சொகுசு என்றுதான் சொல்வார்கள் என்று அவன் தலையாட்டி வைத்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படியிறங்கும்போது உள்ளறையிலிருந்து ஓர் ஆண்குரல், "போயிடுச்சாக்கா?" என்று கேட்டது. அவள் கதவைச் சாத்தினாள். வெயில் நேரத்தில் அந்த வீட்டு ஜன்னல்கள் எல்லாம் ஏன் மூடிக் கிடந்தன என்று வழியெல்லாம் அவனுக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது. வீடு வந்ததும் மறந்துவிட்டான்.

முதலில், ஓட்டும்போது தானாகவே கியர் மாறிக்கொண்டிருந்ததைச் சரிசெய்தான். உள்ளே துருப்பிடித்திருந்த கேபிளை உருவிப் புதிது போட்டான். செயினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். பின்சக்கரத்தைத் துடைக்கையில் மூன்று கம்பிகள் மட்டும் மற்றவற்றைவிடப் பளபளவென்று இருந்தன. பரவாயில்லை, பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். செயினைப் பல்லுக்குப் பல் தள்ளிவிடும் சின்ன இரும்புக் கை, பின்னாலிருந்து பார்த்தால் துளி உள்வாங்கியது போல இருந்தது. உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினான். நிமிர்ந்துவிட்டது.

ஏழாவதுக்கு வந்தான். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பல்சக்கரம், கம்பிகளை ஒட்டி இருப்பது. அது விழுந்தால் மேட்டில் மிதிக்கக் குழந்தையாலும் முடியும். அந்தக் கை அதுவரை போகாமல் ஒரு குட்டி ஸ்க்ரூ தடுத்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவின் தலையில் சிவப்பு நகப்பூச்சு அப்பியிருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்க்ரூவுக்கும் அலங்காரமா! கீழே விரித்த செய்தித்தாளில் துகள் துகளாக உதிரும்படி அதைச் சுரண்டினான். ஸ்க்ரூவை அரைச்சுற்று தளர்த்தினான். பெடலைக் கையால் சுற்றி, கைப்பிடியிலிருந்த கியர் விசையைத் தட்டினான். செயின் ஏழாவதில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தது.

ஈரத் தலையோடு வந்த மனைவி தானும் ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். "அட, விழுதே! தங்கச்சிகிட்ட சொல்லி உங்க பேரை மாத்தணும்."

"எடுத்ததுமே ஏழாவதப் போட்டுடாத. திருப்பம் வந்ததும் போடு. எறங்கவே வேண்டியிருக்காது."

அவள் தெருமுனை திரும்பியிருப்பாள். வாசலில் அழகு நிலையக்காரி, கையில் காற்றடிக்கும் பம்புடன் வந்து நின்றாள். "இதுவும் சைக்கிளோடதுதான், அன்னைக்குக் குடுக்க மற..." பேச்சு நின்றது. குனிந்து, செய்தித்தாளிலிருந்து ஒரு துகளை விரல் நுனியில் ஒட்டி எடுத்தாள். அவள் நகத்திலும் அதே சிவப்பு.

"இத யாரு சுரண்டுனது?"

"நான்தான். இப்ப ஏழும் விழுது."

"சைக்கிள் எங்க?"

"வீட்டுல அவங்க வேலைக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. மேட்டுக்கு."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் கை வளைஞ்சது, நிமித்துனாலும் நிக்காது. கையால சுத்துனா ஒண்ணும் தெரியாது. ஆளு ஏறி அழுத்தி மிதிச்சாத்தான் அந்தக் கை உள்ள சாயும். கம்பியில மாட்டும். சக்கரம் அப்படியே நின்னுடும். தம்பி அந்தத் திருப்பத்துலதான் விழுந்தான். பின்னாடியே லாரி."

"இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"விட்டுடுங்கன்னு சொன்னேனே."

"ஏன்னு சொல்லலியே!"

"சொன்னா வாங்கியிருப்பீங்களா?"

ஆலையில் யாரும் திருகக் கூடாத ஸ்க்ரூக்களின் தலையில் பெயின்ட் தடவி வைப்பதே அவன்தான். தொட்டால் கையை முறிப்பேன் என்று தையல்காரர்களிடம் கத்துவதும் அவன்தான். அதே எச்சரிக்கை நகப்பூச்சில் வந்தபோது அவனுக்கு அது அலங்காரமாகத் தெரிந்தது. போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனை எடுக்காதே என்று அவளிடம் படித்துப் படித்துச் சொன்னவனும் அவன்தான்.

செருப்பில்லாமல் ஓடினான். சந்துக்குள் புகுந்து, ஒரு கிடங்கின் பின்சுவர் ஏறிக் குதித்து, மேட்டின் அடிவாரத்துக்கு வந்தபோது நெஞ்சு வெடிப்பது போல இருந்தது. அவள் வெகு மேலே இருந்தாள். வழக்கமாக இறங்கித் தள்ளும் இடத்தைத் தாண்டியும் இருக்கையிலேயே இருந்தாள். அவள் பின்னால் ஒரு கல் லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு இன்னொரு பெயர் இருந்தது, அவன் மட்டும் கூப்பிடுவது. அதைச் சொல்லிக் கத்தினான். இன்ஜின் சத்தம் அதை விழுங்கியது. தொண்டை கிழிய மறுபடியும் கத்தினான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வழியனுப்ப இவ்வளவு தூரம் வந்திருக்கிறானே என்று நினைத்திருக்க வேண்டும், முகமெல்லாம் சிரிப்பு. அவன் இரண்டு கைகளையும் ஆட்டினான். அவளும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள், பாருங்க, எறங்கவே இல்ல என்பது போல. பிறகு முன்னால் திரும்பி, திருப்பம் வந்துவிட்டதால், அந்தக் கையை மெல்ல இறக்கி கியர் விசையின் மேல் வைத்தாள்.