ஒரு சிட்டிகை உரம்

ஆய்வகத்தில் எல்லாரும் அவளை 'வேர் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாணி வேரையும் பாக்டீரியாவையும் விட்டால் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. சத்தில்லாத மணலில் நிற்கும் பட்டாணிச் செடி வேர் வழியாக ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். அதை மோப்பம் பிடித்துவரும் பாக்டீரியா வேரில் சின்னச் சின்ன முடிச்சுகளாகக் குடியேறி, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். அந்தக் கசிவை அளப்பதுதான் அவள் வேலை.

இந்த முறை இரண்டு தடவை விதைத்தும், பாக்டீரியா கலந்த நீரை ஊற்றியும், நாற்பது தொட்டியில் ஒரு முடிச்சுகூட இல்லை. ஆனால் இலைகள் பச்சைப்பசேலென்று தளதளத்தன. வெறும் மணலில் அப்படி வளர வாய்ப்பே இல்லை. சந்தேகப்பட்டு மணலைப் பரிசோதித்தாள். நைட்ரஜன் மண்டிக் கிடந்தது. வேர் கழுவிய நீரில் கசிவு பேருக்குத்தான் இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலன்னா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுங்க" என்றார் ஆய்வகத் தலைவர்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்தாள். செடி அறையில் துப்புரவு அக்கா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, டம்ளரில் எதையோ கலக்கித் தொட்டி தொட்டியாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! என்ன அது?"

அக்கா டம்ளரை நீட்டிக் காட்டினாள். "பூந்தொட்டிக்குப் போடுற உரம் மேடம். ஒரு சிட்டிகைதான்."

"யாரு ஊத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. முதல்ல எல்லாம் வெளுத்துப்போய் நின்னுச்சுங்க. மூணாவது வரிசையில ஒண்ணு தலையே தூக்கல. பாத்துட்டுப் போக மனசு கேக்கல."

இரண்டு மாத உழைப்பு. வாய்வரை வந்த கோபம், அந்த மூன்றாவது வரிசைச் செடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. அதற்கு ஒரு குச்சியை நட்டு, நூலால் தளர்வாகக் கட்டியிருந்தாள் அக்கா. வேர் மேடம் இத்தனை நாளில் அந்தச் செடியை எண்ணாக மட்டும்தான் பார்த்திருந்தாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா. வயிறு நிறைஞ்ச செடி பாக்டீரியாவைக் கூப்பிடாது. பசிச்சாத்தான் கூப்பிடும். அதான் பட்டினி போட்டேன்."

"ஐயோ, நான் கெடுத்துட்டேனா?"

"கொஞ்சம்."

அன்று மாலை தலைவரிடம், "உரம் கலந்துபோச்சு சார். என் கவனக்குறைவு" என்றாள். உரம் போட்ட செடிகளை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்டு, புது மணலில் மறுபடி விதைக்க மூன்று வாரம் கேட்டாள். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

அந்த மூன்று வாரமும் அக்காவுக்குத்தான் சோதனை. வெளுத்த செடிகளைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையைத் துடைத்தாள்.

இருபத்திரண்டாம் நாள் வேர் மேடம் ஒரு செடியைப் பிடுங்கிக் கழுவினாள். வேரெல்லாம் கடுகளவு முடிச்சுகள். ஒன்றை நறுக்கி அக்காவிடம் நீட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பு.

"ரத்தம் மாதிரியே இருக்கே மேடம்!"

"ரத்தத்துக்கு உறவுதான். ரத்தத்தைச் சிவப்பாக்குற பொருள் மாதிரியே ஒண்ணு இதுலயும் இருக்கு. வேலை நடக்குதுன்னு அர்த்தம்." சிரித்தபடி டம்ளரை அவள் கையில் கொடுத்தாள். "இனிமே தினமும் நீங்களே தண்ணி ஊத்துங்க. வெறும் தண்ணி."

அக்கா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள்.

"ஊத்துறப்போ ரெண்டு வார்த்தை பேசலாமா? அதுல ஒண்ணும் கெடாதே?"

"தாராளமா பேசுங்கக்கா."