வாயாடி சொல்லவில்லை

பதினோரு வயதுப் பெண். வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்பில் யார் யாரோடு சண்டை, டீச்சர் எந்தப் பாடத்தில் கொட்டாவி விட்டார், எல்லாம் கேட்காமலே கொட்டும். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வருஷமாக வாயைக் கட்டி வைத்திருந்தாள்: தானும் அம்மாவும் எங்கே குடியிருக்கிறோம் என்பதில்.

அப்பாவின் அடிக்குப் பயந்துதான் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வீடு மாறியிருந்தாள். ஆனாலும் மாதம் ஒரு ஞாயிறு, நூலக வாசலில், மூன்று மணி நேரம் மகளை அவனிடம் விட வேண்டும். கோர்ட் உத்தரவு. அந்த ஞாயிறுகளில் கிளம்பும்போது மாடிப்படியிலேயே அம்மா ஒரு பரீட்சை வைப்பாள்.

"எந்தத் தெரு?"

"தெரியாது."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"மறந்துபோச்சு."

"அம்மா எங்க வேலை பாக்குறா?"

"எந்த அம்மா?" என்பாள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிடும்.

இந்தப் புதன்கிழமை சாயங்காலம், அம்மா மருந்துக்கடை வேலை முடிந்து மூன்றாம் மாடி ஏறி வந்தால், கதவுக்கு முன்னால் அவன் நிற்கிறான்.

"சின்ன வீடுன்னாலும் நல்லா காத்து வருது," என்றான். கத்தவில்லை. அவன் கத்தாமல் பேசினால்தான் அவளுக்குப் பயம். பக்கத்து வீட்டுக் கதவு திறந்ததும், "மறுபடி வரேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டிருந்த மகள், அம்மாவின் குரல் கேட்ட பிறகுதான் திறந்தாள்.

"சொல்லிட்டியாடி?"

"இல்லம்மா."

"பின்ன அந்தாளு ஜோசியம் பாத்தா வந்தாரு?"

"சத்தியமா சொல்லலைம்மா."

வாயாடி சத்தியம் செய்தால் யார் நம்புவது? கை ஓங்கியதே அம்மாவுக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. எந்த அடிக்குப் பயந்து ஓடி வந்தாளோ, அந்த அடியை அவளே கொடுத்திருந்தாள்.

குழந்தை தேம்பித் தேம்பிச் சொன்னாள். "அப்பா புதுக் கார் வாங்கியிருக்காரு. சார்ஜ் இல்லைன்னு போனை அதுல சொருகினேன். திரையில ஏதோ கேட்டுச்சு, சரின்னு அழுத்தினேன். அப்புறம் போனை அதுலயே விட்டுட்டு ஜூஸ் வாங்க இறங்கினேன். அவ்வளவுதாம்மா."

அம்மா அந்தப் பாழாய்ப்போன போனைப் பிடுங்கிப் பார்த்தாள். மேப்பில் கடைசியாக வழி கேட்டது ஞாயிறு நாலு பத்துக்கு. கேட்ட இடம், 'வீடு'. மகள் வழி தவறினால் பயப்படாமல் வந்து சேரட்டும் என்று அந்த முகவரியை அதில் பதித்து வைத்ததே அம்மாதான். போனில் உள்ள மேப் கார்த் திரையிலேயே விரிந்திருக்கிறது; அதில் அந்த ஒரு சொல்லை அவன் தொட்டிருக்கிறான். குழந்தை வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

சிவந்த கன்னத்தைத் தடவி, "மன்னிச்சிடுடி தங்கம்," என்று அழுதாள் அம்மா. அழுதுகொண்டே பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

வாயாடி துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"புது வீடு எங்கன்னு எனக்குச் சொல்லாதம்மா."

"அப்புறம் எப்படிடி பள்ளிக்கூடம் விட்டு வருவே?"

"நீ வந்து கூட்டிட்டுப் போ. நான் கண்ணை மூடிக்கிறேன்."