காருக்குள் ஓடிய படகு

கடலில் காணாமல் போன சடையனின் படகு, ஆறாவது வருடம் ஆனி மாதத்தில், அவன் மச்சினன் தீனாவின் காருக்குள் ஓட ஆரம்பித்தது. நெம்மேலிக்குத் தெற்கே இருக்கும் அந்தக் குப்பத்தில் இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் பெண்கள்தான். மீன் எடுக்கக் கரையில் நிற்கும் பெண்களுக்கு எந்தப் படகு வருகிறதென்று கண்ணால் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு குரல் உண்டு. வீட்டு ஆளின் இருமலைப் போல அது தெரிந்துவிடும். சடையனின் இன்ஜின் மூன்று அடி அடித்து நாலாவதை முழுங்கும். அன்று காலை அந்தச் சத்தம் கடல் பக்கமிருந்து வராமல் ரோட்டுப் பக்கமிருந்து வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது தீனாவின் பழைய வெள்ளை டீசல் கார் டீக்கடை முன்னால் வந்து நின்றது. அதற்குள் சடையனின் பெண்டாட்டி கன்னியம்மா கூடையோடு ஓடி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

தீனா காரைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனான். அங்கே மெக்கானிக் பன்னீர்செல்வம் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிற ஆள் என்று பெயர் வாங்கியவர். ஸ்க்ரூடிரைவர் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். பேரிங் என்றார், மாற்றினார். சைலன்சர் என்றார், அதையும் மாற்றினார். ஏர் ஃபில்டரைக் கழற்றியபோது உள்ளே உயிருள்ள நண்டுகள் இருந்தன. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார், ருசியாக இருந்ததாகத் தகவல் வந்தது. கடைசியில் பேட்டரியையே கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது கார் நின்ற இடத்திலேயே லேசாக ஆடிக்கொண்டிருக்க, சத்தம் அப்படியே இருந்தது. "இன்ஜின்ல ஒண்ணும் இல்ல தம்பி. உள்ள வேற எதுவோ ஓடிகினு கீது. அது யாருதுன்னு போய்ப் பாரு" என்று சாவியைத் தந்துவிட்டார். வந்த வண்டியை அவர் அப்படி அனுப்பியது அதுதான் முதல் தடவை.

அது யாருடையது என்பதில் கன்னியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. சடையன் ஒரு புயலுக்கு முந்தின நாள் தனியாகக் கடலுக்குப் போனவன். உடம்பு கிடைக்காததால் அவனுடைய சட்டையையும் லுங்கியையும் வைத்துத்தான் ஊர் காரியம் செய்தது. தாலியைக் கழற்றும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவன் தம்பி தீனா. அதன் பிறகும் அவள் சாயங்காலம் தவறாமல் கரைக்குப் போய் நிற்பாள். தீனா டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று, அவளோடு சேர்ந்து கடலைப் பார்ப்பான். இருட்டியதும், "வாக்கா, போலாம்" என்பான். இப்படியொரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று குப்பமே சொன்னது, அவளும் அப்படித்தான் நம்பினாள்.

சத்தம் வடக்கே போனால் மெலிகிறது, தெற்கே போனால் கனக்கிறது என்பதை அவள் ஒரு வாரத்தில் கவனித்துவிட்டாள். கரையை நெருங்கும் படகின் சத்தம்தான் கனக்கும். அப்படியென்றால் தெற்கே எங்கேயோ அவன் ஒதுங்கிக் கிடக்கிறான், எலும்பாகவாவது கிடைப்பான் என்று ஒரு நேரம் நினைத்தாள். உயிரோடு இருந்தால் என்று இன்னொரு நேரம் நினைத்து, அந்த நினைப்பை வெளியே சொல்லப் பயந்தாள். தீனாவோ டயர் சரியில்லை என்றான், ரோடு சரியில்லை என்றான், சவாரி இருக்கிறது என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மடியில் தூக்குச்சட்டி இருந்தது; சடையனுக்குப் பிடித்த மடவை மீன் குழம்பும் சோறும் அதில் இருந்தன. எலும்புக்கு யாரும் குழம்பு கொண்டுபோவதில்லை என்று தீனாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். சாவியைத் திருகினான்.

மாமல்லபுரம் தாண்டியதும் சத்தம் பேச முடியாத அளவுக்குக் கனத்தது. கல்பாக்கம் தாண்டி, கார் அலை மேல் ஏறி இறங்குவதைப் போல மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கண்ணாடியில் உப்புத் தண்ணீர் தெறித்தது. தீனா வைப்பரைப் போட்டான். செய்யூருக்கு முன்னால் ஒரு சவுக்குத் தோப்பருகே, அவன் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே கார் மண் ரோட்டில் திரும்பி, ஒரு ஓட்டு வீட்டின் முன் போய், கரை தட்டியதைப் போல ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. சத்தமும் நின்றது. வாசலில் ஒரு பெண் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து, யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சடையன் வந்தான். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது.

"கடலு ஒத்துக்கல கன்னி. சொன்னா நீ வுட மாட்ட" என்றான். அவன் சொன்னதெல்லாம் அவ்வளவுதான். மீதியைத் தீனா சொன்னான். படகு முழுகவில்லை. தெற்கே ஒரு துறையில் கரையேற்றி, படகையும் இன்ஜினையும் விற்று, அதில்தான் இந்தக் காரை வாங்கினார்கள். மச்சான் அவனுக்காகவே வாங்கிக் கொடுத்தது. முதல் சவாரியாக மச்சானை இந்த வீட்டில் கொண்டுவந்து இறக்கியதும் அவன்தான்.

கன்னியம்மா புருஷனைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். வயிறு எரிந்ததெல்லாம் தம்பி மேல்தான்.

"அவன் வேணான்னு பூட்டான், சரி. நீ தெனம் எம்பக்கத்துல நின்னுகினு கடலப் பாத்தியேடா. அதுல இன்னாடா பாத்த?"

அவள் தூக்குச்சட்டியோடு நடந்தே செய்யூர் போய், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, குழம்பையும் சோற்றையும் மிச்சம் வைக்காமல் தானே சாப்பிட்டாள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள். பிறகு பஸ் ஏறி ஊருக்கு வந்து, மறுநாள் வழக்கம்போல மீன் விற்றாள்.

ஐப்பசியில் சடையன் குப்பத்துக்குத் திரும்பி வந்தான். செய்யூர்க்காரி துரத்திவிட்டாள் என்று பேச்சு. ஊர் ஏற்கெனவே காரியம் செய்து முடித்துவிட்டதால் அவன் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. டீ கேட்டான், யாரும் கொடுக்கவில்லை. கன்னியம்மாவின் வாசலில் நின்று கூப்பிட்டான். அவள் காற்று வருகிறதென்று கதவைச் சாத்தினாள். அவன் தெரிந்தது தீனா ஒருவனுக்குத்தான். உட்கார வேறு இடமில்லாமல் சடையன் அந்தக் காரின் பின் சீட்டில் ஏறிக்கொண்டான், இன்றுவரை இறங்கவில்லை. சவாரிக்கு ஏறுகிறவர்கள் அவன் மேலேயே உட்காருகிறார்கள். சீட்டு கொஞ்சம் ஈரமாக இருக்கிறது என்பதைத் தவிர அவர்களுக்குப் புகார் இல்லை. அதற்குத் தீனா ஒரு துண்டு விரித்து வைத்திருக்கிறான்.

போன கார்த்திகையில் நல்ல மழை. பஸ் வராமல் ரோட்டோரம் நனைந்துகொண்டிருந்த கன்னியம்மாவைப் பார்த்துத் தீனா காரை நிறுத்தி, "ஏறுக்கா" என்றான். அவள் பின் கதவைத் திறந்து, தண்ணீர் சொட்டும் மீன் கூடையைச் சடையனின் மடியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். குப்பம் வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, "எவ்ளோ ஆச்சு டிரைவரு?" என்று கேட்டாள். தீனா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே ஒரு தொகை சொன்னான். காசு விஷயத்தில் யாரையும் விடாத கன்னியம்மா, பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு இறங்கினாள்.