குதிரைக்குக் கீழ்வீடு, குல்சுமுக்கு மாடி

குல்சுமுக்கு முட்டிவலி வந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் புருஷன் அப்துல் கஃபாரின் குதிரைக்கு முட்டிவலி வந்து மூன்று வாரம்தான். ஆனால் அந்த மூன்று வாரமாக வீட்டில் நடந்த அமர்க்களத்தைப் பார்த்தால், முட்டி என்ற உறுப்பையே போன மாதம்தான் யாரோ கண்டுபிடித்தார்கள் என்று தோன்றும்.

குதிரையின் பெயர் பாதாம். பாதாம் பருப்பின் தோல் நிறம், நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. வயது இருபத்திரண்டு. அதில் பதினெட்டு வருஷம் மாப்பிள்ளைகளைச் சுமந்தே கழிந்தது. மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று அவள் முதுகில் ஏறாத பணக்கார மாப்பிள்ளை இல்லை. ஒருத்தன்கூடக் கீழே விழுந்ததில்லை என்று கஃபார் பெருமையாகச் சொல்வார். கல்யாணத்துக்கு அப்புறம் விழுந்தவர்களுக்குக் குதிரை பொறுப்பாக முடியாது.

கால்நடை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னாள். "முன்னங்கால் ரெண்டு முட்டியும் தேஞ்சிருக்கு. இனிமே முதுகுல யாரையும் ஏத்தாதீங்க. சிமெண்ட் தரை ஆகாது. மணல்லயும் வேண்டாம், கால் புதையும். மெத்துன்னு மண்ணும் புல்லும் இருக்கணும். தினம் இருபது நிமிஷம் மெதுவா நடக்கணும். எடை கூடக் கூடாது."

கஃபார் அங்கேயே, நாய்க்கு ஊசி போட வந்திருந்த நாலு பேர் முன்னால், வாய்விட்டு அழுதார்.

"டாக்டரம்மா, போன வருஷம் எனக்கும் இதையேதான் சொன்னாங்க," என்றாள் குல்சும். "புல்லு மட்டும்தான் இல்ல."

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். கஃபாருக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் குல்சும் தன் எக்ஸ்ரேவைக் கொண்டுவந்து காட்டியபோது, அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வயசானா அப்டிதான். கொஞ்சம் நட, சரியாப் பூடும்," என்று சொல்லி, பாதாமுக்கு லாடம் அடிக்கப் போய்விட்டார். இப்போது மகள் தபஸ்ஸும் அம்மாவுக்காக வாங்கிக் கொடுத்திருந்த தைலத்தை முழு பாட்டிலாகக் குதிரையின் காலில் தேய்த்துத் தீர்த்தார். குல்சும் கேட்டதற்கு, "அதுக்கு வாய் இல்லியே, பாவம்," என்றார். வாய் இருப்பது இவ்வளவு பெரிய குற்றம் என்று குல்சுமுக்கு அன்றுதான் தெரிந்தது.

பெசன்ட் நகர்க் கடற்கரை ஓரம், ஊரூர் ஒல்காட் குப்பத்தை ஒட்டிய சந்தில் அவர்கள் வீடு. கீழே சிமெண்ட் தரை போட்ட கொட்டகை, அது பாதாமுக்கு. மேலே ஒரு ரூமும் சமையலறையும், அது குல்சுமுக்கு. நடுவில் பதினேழு படி. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குல்சும் எல்லாம் அந்தப் படி வழியாகத்தான் மேலே போயாக வேண்டும். கோட்டூர்புரத்தில் தபஸ்ஸும் வீட்டில் ஒரு ரூம் காலியாகக் கிடந்தது. லிஃப்ட் இருந்தது. "ரெண்டு பேரும் வந்துடுங்கம்மா," என்று அவளும் கூப்பிட்டு அலுத்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் கஃபார் ஒரே கேள்வி கேட்பார்: "லிஃப்ட்ல பாதாம் ஏறுமா?" பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆக, குதிரை போனால் குல்சுமுக்கு லிஃப்ட். குதிரை இருந்தால் பதினேழு படி. இதை மனதில் வைத்துக்கொண்டுதான், கஃபார் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, குல்சும் கீர்த்திக்கு போன் போட்டாள். வேலை செய்து ஓய்ந்த மிருகங்களைத் திருப்போரூர் தாண்டி ஒரு பண்ணையில் வைத்துப் பார்த்துக்கொள்கிற பெண் அவள். டாக்டரம்மா கொடுத்த நம்பர்.

கீர்த்தி வந்தாள், குதிரையைத் தடவிக் கொடுத்தாள், கஃபாரை அங்கிள் என்றாள். பண்ணையில் புல் இருக்கிறது, வாரம் ஒரு டாக்டர் வருகிறார் என்றாள். "ஆனா ஒண்ணு அங்கிள். ஒரு வாரம் தினமும் நடத்திப் பாருங்க. இருபது நிமிஷம் நடந்தாத்தான் அவ்ளோ தூரம் வண்டியில நிக்க முடியும். நான் ஞாயித்துக்கிழமை வர்றேன். அனுப்புறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

திங்கட்கிழமை காலையில் கஃபார் பாதாமை நடத்திக்கொண்டு போனார். ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார். "நடக்க மாட்டேங்குது. இத்த எப்டி வண்டில ஏத்துறது?" என்றார். கெட்ட சேதி கொண்டுவந்தவர் முகத்தில் அவ்வளவு களை இருக்கக் கூடாது. செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் அதே கதைதான்.

வியாழக்கிழமை குல்சும் மாடி ஜன்னலில் நின்று வேவு பார்த்தாள். கஃபார் சந்து முனையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு டீ குடித்தார். பாதாம் பக்கத்தில் நின்றாள். டீ முடிந்ததும் இருவரும் திரும்பினார்கள். கஃபார் சொன்னது பொய் இல்லை, குதிரை நடக்கவில்லைதான். பாதாம் ஊர்வலக் குதிரை. மேளம் கேட்டால் நடப்பாள், மேளம் நின்றால் நிற்பாள். பதினெட்டு வருஷப் பழக்கம் அது. கஃபாருக்கு இது தெரியாதா? மேளத்தை மட்டும் அவர் கொண்டுபோகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கஃபார் கண் விழிப்பதற்குள் குல்சும் புர்காவை மாட்டிக்கொண்டு, பதினேழு படியையும் பக்கவாட்டில் இறங்கி, பாதாமின் கயிற்றை அவிழ்த்து, போனில் பேண்டு வாத்தியத்தைப் போட்டுக் கைப்பைக்குள் வைத்தாள். பாதாமின் காது நிமிர்ந்தது. நடந்தாள். பத்தடி போனதும் நின்றாள். ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடுவதற்காக அப்படித்தான் நிற்க வேண்டும். குல்சும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மறுபடி பத்தடி, மறுபடி பாதாம் நின்றாள். இவ்வளவு இதமான நடைத்துணை தனக்கு வாய்த்ததே இல்லை என்று குல்சுமுக்குப் பட்டது.

"நீ போனாத்தான்டி எனக்கு விடிவு," என்று குதிரையிடம் சொன்னாள். "தப்பா எடுத்துக்காத."

பெசன்ட் நகருக்குள் இரண்டு தெரு திரும்பியதும் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம், நிஜமான பேண்டு செட். அதற்கு முன்னால் கைப்பைக்குள் இருந்த மேளம் எம்மாத்திரம்? பாதாம் மண்டபத்தைப் பார்த்து நேராகப் போனாள். குல்சும் கயிற்றை இழுத்தாள். குதிரை நானூறு கிலோ, குல்சும் எண்பத்திரண்டு. கயிறு போன பக்கம் குல்சும் போனாள்.

அப்போதுதான் தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை ஸ்ரீஹரியை அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். அவனுடைய அப்பா சண்முகவேல் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வாசலில் பெண்ணின் அம்மா சரோஜாதேவி ஆரத்தித் தட்டோடு நின்றாள். பாதாம் சரியாகத் தட்டுக்கு முன்னால் போய் நின்று தலையைத் தாழ்த்தினாள்.

மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் குதிரை கொண்டுவந்துவிட்டார்கள், பணக்காரர்கள், அசந்தது வெளியே தெரியக் கூடாது என்று நினைத்தாள் சரோஜாதேவி. பெண் வீட்டார் குதிரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள், நாம் நினைத்ததைவிட வசதியானவர்கள் என்று நினைத்தார் சண்முகவேல்.

"இதெல்லாம் எதுக்கு சம்மந்தி, வீண் சிரமம்," என்றாள் சரோஜாதேவி.

"இதுல என்ன சிரமம் இருக்கு? எல்லாம் உங்க பெரிய மனசு," என்றார் சண்முகவேல்.

யார் வரவழைத்த குதிரை என்று யாரும் கேட்கவில்லை. சம்பந்தியிடம் அதையெல்லாம் கேட்க முடியுமா? பாதாமுக்கு ஆரத்தி எடுத்து வெள்ளைப் பொட்டின் மேல் குங்குமம் வைத்தார்கள். குல்சும் வாயைத் திறப்பதற்குள் அவள் தலையில் பன்னீர் விழுந்தது, கையில் கல்கண்டு வந்தது. கைப்பைக்குள் போன் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது.

"ஏறுலே ஸ்ரீஹரி!" என்றார் சண்முகவேல். போட்டோக்காரர் ஓடி வந்தார்.

"ஏறாதீங்க! முட்டிவலி!" என்று கத்தினாள் குல்சும்.

"அடடா. ஏ, தாயிக்கு ஒரு சேர் கொண்டாங்கலே."

"எனக்கில்லீங்க, அதுக்கு!"

சேர் வந்தது. வந்த சேரைக் குதிரைக்குப் பக்கத்தில் போட்டு, மாப்பிள்ளை ஏறுவதற்குப் படியாக்கிக்கொண்டார்கள். சேரைப் பார்த்ததும் பாதாம் தானாக நகர்ந்து அதை ஒட்டி வந்து, முதுகைக் காட்டி நின்றாள். குல்சும் அவள் காலைப் பார்த்தாள். பாதாம் இடது முன்னங்காலை லேசாகத் தூக்கி வலது காலில் நின்றாள். வலது கால் தாங்காமல் மறுபடி இடது காலுக்கு மாறினாள். கழுத்து மட்டும் நிமிர்ந்தே இருந்தது. ஒரு கனைப்பு இல்லை, ஒரு முரண்டு இல்லை.

அந்த நிற்பை குல்சுமுக்குத் தெரியும். தண்ணீர்க் குடத்தோடு பாதிப் படியில் அவளும் அப்படித்தான் நிற்பாள். மேலேயிருந்து யாராவது என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

ஸ்ரீஹரி சேரில் கால் வைக்கப் போனான். குல்சும் பாய்ந்து போய் அந்தச் சேரில் உட்கார்ந்துகொண்டாள். எண்பத்திரண்டு கிலோவும் பிரயோஜனப்பட்ட தருணம் அது.

"இப்ப எப்டி ஏறுவீங்க?" என்றாள். "இது யாரும் அனுப்புன குதிர இல்ல. என் வீட்டுக் குதிர. அதுக்கு வயசாயிடுச்சு, வலிக்குது. மேளம் கேட்டுச்சு, அதான் வந்துடுச்சு."

சம்பந்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தான் அனுப்பவில்லை என்று ஒப்புக்கொள்ள இருவருக்குமே மனசில்லை. ஸ்ரீஹரிதான் சிரித்துவிட்டு, "பரவாயில்லம்மா, நான் நடந்தே போறேன்," என்றான். குதிரைக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். குல்சுமுக்குப் பொங்கலும் வடையும் வந்தன.

தகவல் கேட்டு ஆட்டோவில் வந்து இறங்கிய கஃபாரின் சட்டை உள்பக்கம் வெளியாக இருந்தது. மூவரும் மெதுவாக வீடு திரும்பினார்கள்.

"பாதாம் போவட்டுங்க," என்றாள் குல்சும்.

"உனுக்கு லிஃப்ட் வோணும். அத்த சொல்லு."

"வோணும்தான். மூணு வருஷமா வோணும். ஆனா இப்ப அதுக்காவ சொல்லல. மேளம் கேட்டா இவ முதுகக் குடுக்குறா. எவன் வந்தாலும் குடுப்பா. இந்த ஊர்ல என்னிக்கு மேளம் நின்னுக்கீது?"

"வலிச்சா கத்தியிருக்குமே. ஒரு தபாகூட கத்தல. பதினெட்டு வருஷமா பாத்துக்கினு கீறேன், எனுக்குத் தெரியாதா? நீ எத்த வச்சி சொல்ற?"

"காலை மாத்தி மாத்தி நின்னா. நானும் டெய்லி படியில அப்டிதான் நிக்கிறேன். நானும் கத்தறதில்ல."

வீட்டுக்கு வந்து பாதாமைக் கட்டிவிட்டு, குல்சும் படியேறுவதைக் கஃபார் கீழே நின்று பார்த்தார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. பாதியில் அவள் கால் மாற்றி நின்றபோது, பின்னாலேயே ஏறி வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "இம்மாம் வலியா?" என்றார். குல்சுமுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கீர்த்தி வண்டியோடு வந்தாள். அடுத்த வாரம் கோட்டூர்புரம் என்று தபஸ்ஸுமிடம் கஃபாரே சொல்லிவிட்டிருந்தார்.

"அங்க பக்கத்துல கல்யாண மண்டபம் எதுனா இருக்குதாம்மா?" என்று கீர்த்தியிடம் கேட்டார்.

"இல்ல அங்கிள். ஏரிதான் இருக்கு."

குல்சும் போனில் மேளத்தைப் போட்டுக் கஃபாரிடம் கொடுத்தாள். அவர் முன்னால் நடக்க, பாதாம் பலகையில் ஒவ்வொரு அடியாக ஏறி, வண்டிக்குள் பரப்பியிருந்த வைக்கோலில் நின்றாள். நின்றதும் வழக்கம்போல் ஒரு பக்கமாக நகர்ந்து, ஏறப்போகிறவனுக்கு முதுகைக் காட்டினாள்.

கஃபார் போனை அணைத்தார். அந்த முதுகின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்து, முகத்தைப் பதித்துக்கொண்டார்.

"யாரும் ஏற மாட்டாங்கடி," என்றார். "கல்யாணம் முடிஞ்சிச்சு."